கோட்டை விளையாட்டுக்கு ஒரு ஃபைனல் செக்கிங்

மங்கலம் ரோடு,
திருப்பூர்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கந்தவேல் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனன் தண்டாயுதபாணி பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் இல்லாள் கீதாஞ்சலியும், தங்கச்சி சாரதாமணியும், தங்கள் அருமை மகள் கீர்த்தனாவும் இறைவன் புண்ணியத்தில் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். தாங்களும் ஜோர்டான் தேசத்தில் அந்த ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் உடம்பைக் காத்துக்கொண்டு, புரொடக்‌ஷன் மேனேஜர் உத்தியோகத்தைச் செவ்வனே நடத்தி வருவீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தாயாருக்கு முழங்கால் வலி தேவலை. இங்கு மழை நல்லபடியாகப் பெய்தது. அதற்கு மேல் பெய்ததைப் பற்றி எழுதி உங்களுக்கு வெசனம் உண்டாக்க விரும்பவில்லை.

நிற்க. தாங்கள் போன மாதம் போனில் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு சம்பந்தமாக இக்கடிதம் எழுதலாயிற்று. கீர்த்தனா ஒரு வீடியோ கேம் கேட்கிறாள், ‘சீஜ் கிரவுன்’ என்று பேர், ஐரோப்பாவில் பழைய காலத்தில் ராஜாக்கள் கோட்டை பிடித்த சண்டையாம், எனக்கு அதைப் பற்றி விவரம் பத்தாது மச்சான், குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் வாங்கித் தருகிறேன், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றீர்கள். ஆகாது என்று சொல்ல வேண்டி வந்தால் அது என் வாயிலிருந்து வரட்டும் என்பது தங்கள் எண்ணம் என்று அப்போதே புரிந்தது. அதைத் தப்பாக நினைக்கவில்லை. கண் காணாத தேசத்தில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளையிடம் ஆகாது என்று எந்தத் தகப்பனுக்குத்தான் சொல்ல வரும். ஆனால் மாப்பிள்ளை, இதிலுள்ள கனத்தைத் தாங்களும் தெரிந்துகொள்ள வேணும். நீங்கள் போனதிலிருந்து அவள் எதையுமே கேட்பதில்லை. தீபாவளிக்கு என்ன கலர் வேணும் என்றால் எதுன்னாலும் சரிங்க மாமா என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் சாப்பிட்டியா கண்ணு, படிச்சியா கண்ணு என்கிறீர்கள், அவள் ம் என்கிறாள், மறுக்கா ம் என்கிறாள், அதோடு போன் அவள் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அப்பேர்ப்பட்ட பிள்ளை வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். நான் ஃபெயில் போட்டால் இருக்கிற கொஞ்ச நஞ்சப் பேச்சும் நின்றுபோகும். பாஸ் போட்டு, பிள்ளை மனசு கெட்டுப்போனால், என் தங்கச்சி என்னை மண்ணில் புதைத்துவிடுவாள்.

இதைப் போனில் சொல்லாமல் எழுத்தில் ஏன் தருகிறேன் என்றால், எக்ஸ்போர்ட் லைனில் ஃபைனல் செக்கிங் இன்சார்ஜாகத் தலை நரைத்தவன் நான். வாயில் சொல்வது அபிப்பிராயம், எழுத்தில் தருவதுதான் ரிப்போர்ட். உங்கள் கம்பெனிக்கு இங்கிருந்து வருகிற கட்டிங் மாஸ்டர் முனீஸ் கையில் பருப்புப் பொடியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். இதற்குள் மடத்துக்குளத்துப் பெரியப்பா அப்புசாமி உங்களுக்குப் போன் போட்டு, உன்ற ஊட்டுல புள்ளைக்குக் கசாப்பு வேலை சொல்லிக் குடுக்கறாங்கன்னு சொல்லியிருந்தால், தயவு செய்து கீழே உள்ளதைப் படித்த பிறகு கோபப்படவும்.

முதலில் செக்கிங் நடந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை, சரக்கு வாங்குகிற பையர் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் மொத்த லாட்டையும் பிரிப்பதில்லை. மேலே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி, அடியில் ஒரு பெட்டி என்று இழுத்துப் போட்டு, லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்த்து, சில்லறைக் குறை என்றால் மைனர், கண்ணில் அடிக்கிற குறை என்றால் மேஜர், உடைந்த ஊசி மாதிரி ஆளைக் காயப்படுத்துகிற குறை என்றால் கிரிட்டிக்கல், அது ஒன்றே ஒன்று இருந்தாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட். உலகமே இந்த முறையில்தான் பனியன் போட்டுக்கொண்டு இருக்கிறது. ஆகவே நானும் பேக்கரிக்கு மேல் மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கும் தனபாலிடம் போய், சட்டையை இன் செய்து, பேனாவை எடுத்துக்கொண்டு, சேம்பிள் பார்க்க வேண்டும் என்றேன். டிஸ்க் கவரில் சிவப்பாக 18 என்று போட்டிருந்தது. அது வயசு என்று தனபால் சொன்னார். எனக்குத் தெரியாதா, குழந்தைகள் துணியில் வயசு லேபிள் தைக்காத நாள் உண்டா, ஐரோப்பாக்காரன் பன்னிரண்டு வயசு என்று போட்டு அனுப்புகிற பீஸ் நம்ம ஊர்ப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தொளதொள என்று முழங்காலுக்கு வரும், லேபிள் வைப்பது அவனவன் அளவு, பார்க்க வேண்டியது துணியை, என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்தார். பின்னால் யோசித்தால், அந்த லேபிளைத் தைத்தவன் எனக்கு முந்தியே மொத்த லாட்டையும் பிரித்துப் பார்த்தவன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று மூன்று இடம் காட்டச் சொன்னேன். ஆரம்பத்தில் ஒருத்தன் செம்மறியாட்டுக்கு உரோமம் கத்தரித்துக்கொண்டு இருந்தான், ஆட்டுக்கு ஒரு கீறல் இல்லை. நடுவில் ஒரு சந்தை, அங்கே பெரிய பெரிய கொப்பரையில் நூலுக்குச் சாயம் போடுகிறார்கள், அதைப் பார்த்ததும் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை, அந்தச் சிவப்பு ஒரே சீராக ஏறியிருக்கிறது மாப்பிள்ளை, நம்ம டையிங்கில் அப்படி ஷேட் கிடைத்தால் நான் மொட்டை போடுவேன். கடைசியில் யாரோ ஒருத்தருக்கு முடி சூட்டுகிறார்கள், ஜனங்கள் பூ எறிகிறார்கள். இடையில் தனபால், அண்ணா, இதுக்கு நடுவுல சண்டையெல்லாம் வருமுங்க என்று என்னவோ சொல்ல வந்தார். செக்கிங் நடக்கையில் ஃபேக்டரிக்காரர் குறுக்கே பேசக்கூடாது என்று அவரை உட்கார வைத்தேன். குறை ஏதும் இல்லை, பாஸ் என்று அங்கேயே முடிவு செய்து, கேம் பெட்டியையும் டிஸ்க்கையும் வாடகைக்கு வாங்கிக்கொண்டு, பொழுதோடு தங்கச்சி வீட்டு ஹாலில் டிவியில் மாட்டிவிட்டேன். கீர்த்தனா முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிக்கவில்லை, ஆனால் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து வெகு காலமாகிவிட்டது.

அன்னைக்குன்னு பாத்து அப்புசாமிப் பெரியப்பா பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க மடத்துக்குளத்திலிருந்து வந்து சேர்ந்தாருங்க. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழத்தோட பத்திரிகைய வெச்சு, சாரதாமணியும் கை நீட்டி வாங்கறதுக்குக் குனியறா, அந்த நேரம் பாத்து டிவில கோட்டைக் கதவு ஒடைஞ்சு, ஒருத்தன் கோடாலியத் தூக்கி இன்னொருத்தன் தலைய எடுத்துப்போட்டான். எடுத்த தலை படில உருண்டு வருது. தங்கச்சி தாம்பாளத்தப் புடிச்ச கையோட நின்னுட்டா. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்படியான்னு நான் எந்திரிச்சேன். டிவிய அணைக்கலாம்னா அந்த ரிமோட்டு எதுன்னு தெரியாம, ஏசி ரிமோட்ட அமுக்கி, ஊடே குளுந்து போச்சு. பெரியப்பா எந்திரிச்சுப் போயிருவாருன்னு பாத்தா, சோபால நல்லா சாஞ்சு உக்காந்து, எடப்பக்கம் ஒருத்தன் பதுங்கி வர்றான் பாரு கண்ணுன்னு கீர்த்தனாவுக்கு வழி சொல்றாரு. காப்பி ஆறுனது கூடத் தெரியல. அப்பறம், இவன் எதுக்கு அவனை வெட்டறான்னு கேட்டாரு. கீர்த்தனா, கோட்டைக்காரன் கிஸ்தியக் கூட்டிப்போட்டான், குடியானவங்க குடுக்க முடியாம சண்டை வந்துருச்சுன்னு நிதானமா சொன்னா. அப்ப வெட்டலாம்னு பெரியப்பா சொல்லிப்போட்டு, பத்திரிகைய வெச்சுட்டுக் கெளம்புனாரு. ஊருக்குப் போய்ச் சொன்னது மட்டும் வேற.

அவரு தலை மறைஞ்சதும் தங்கச்சி பேசுனதை நான் எழுத மாட்டேன், உங்க ஊட்டுக்காரி பேச்சு உங்களுக்குத் தெரியும். ஏனுங்ணா, பனியனுக்குத் தையல் போச்சுன்னா பிரிச்சுத் தைக்கலாம், புள்ளைக்கு மனசு போச்சுன்னா எந்த டேபிள்ள போட்டுப் பிரிப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா பாருங்க, அது மட்டும் இன்னும் காதுலயே இருக்குது. சேம்பிள்ள தப்பிச்ச லாட்டு பையர் கைல போய் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவோம், ஹண்ட்ரட் பர்சென்ட் செக்கிங், ஒரு பீஸ் விடாம. அதையே இதுக்கும் பண்றேன், முடிவு தெரியற வரைக்கும் பெட்டி இங்கயே இருக்கட்டும்னு தங்கச்சி கைல கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன்.

அதுக்கு மொத்த கேமையும் ஆடிப் பாக்கோணுமில்லீங்களா. நானே ஆடலாம்னு பெட்டியோட வந்த அந்தக் கைப்புடியப் புடிச்சேன். கோட்டை வாசல் வரைக்கும் போறதுக்குள்ள அகழில விழுந்து செத்தேன். மறுக்கா ஆடினா குதிரை மேல ஏறத் தெரியாம குதிரை ஒதைச்சே செத்தேன். எதிராளி கண்ணுல படறதுக்கு முந்தியே நான் செத்த சாவு ஒன்னா ரெண்டா. கீர்த்தனா வாயப் பொத்திக்கிட்டு, நான் ஆடறேனுங்க மாமா, நீங்க பக்கத்துல உக்காந்து செக் பண்ணுங்கன்னா. அதுதான் முறைன்னு எனக்கும் பட்டுச்சு. கம்பெனில குறை இருக்கற எடத்துல ஒட்டறதுக்குச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்குதுல்லீங்க, அதுல ஒரு ரோல் கொண்டு வந்து, ரத்தம் தெரியற எடத்துல எல்லாம் கேம நிறுத்தச் சொல்லி டிவி மேல ஒட்ட ஆரமிச்சேன். வெட்டு ஒன்னுக்கு ஒரு அம்பு, கெட்ட வார்த்தைக்கு ஓரமா ஒரு அம்பு, இருமிக்கிட்டே கள்ளு குடிக்கறவனுக்கு ஒரு மைனர். மூணாம் நாளு பொழுதோட அவ, மாமா வழியே தெரியலீங்கன்னா. எட்ட நின்னு பாத்தா டிவில அம்மை போட்ட மாதிரி இருக்குது. அன்னைக்குத் தங்கச்சி சீரியல் பாக்க வந்து, கதாநாயகி மொகம் முச்சூடும் அம்புக்குறியா இருக்க, நகத்துல சொரண்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

கம்பெனிலயும் நாலு பேர்கிட்ட ரோசனை கேட்டேன். மெர்ச்சண்டைசர் முருகேஷ், இதெல்லாம் ஆடுனாத்தான் புள்ளைங்களுக்கு வேகம் வருமுங்க, பயம் தெளியுமுங்கன்னாரு. அவருக்குக் கல்யாணமே ஆகல. லைன் சூப்பர்வைசர் ரோஸ்மேரி, தெக்கத்திப் பக்கத்துப் பொண்ணு, மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டே சொன்னா. அவ மகனைக் கேமு பக்கமே விடறதில்லையாம், செல்லையும் பூட்டி வெச்சுட்டாளாம். இப்ப அவன் பக்கத்து ஊட்டு ஜன்னல்ல நின்னு அடுத்தவன் ஆடறதப் பாக்கறானாம். என்னத்தப் பாக்கான், அதப் பாத்து என்ன நெனைக்கான்னே எனக்குத் தெரியாமப் போச்சு சார்னா. அதச் சொல்றப்ப அவ கண்ணு கலங்கிப்போச்சு. நான் தையல் தூரம் சரியா இருக்குதான்னு பாத்துட்டு வந்துட்டேன்.

இதுல எனக்குப் பெரிய குறையா ஒன்னு பட்டுச்சுங்க. செத்தவன் செத்தவனா இருக்கறதில்ல. விழுவறான், ‘மறுக்கா ஆடு’ன்னு ஒரு பொத்தான் வருது, அமுக்குனா எந்திரிச்சு ஓடறான். இதப் பாத்து வளர்ற புள்ள சாவுன்னா என்னன்னு நெனைக்கும்னு நான் கடுமையா ஒரு மேஜர் போட்டு, அதை அவகிட்ட எடுத்துச் சொன்னேன். அவ மெதுவா, மாமா நீங்களும் வருசா வருசம் செத்து எந்திரிக்கறீங்களேன்னு கேட்டாளுங்க. நம்ம கோயில் நோம்பில படுகளம் விழுவறதத்தான் சொல்றா. பறை அடிக்க அடிக்க நாங்க அத்தனை பேரும் கதைல சண்டைல செத்த நம்ம சாமி வீரனுங்க மாதிரி களத்துல சாஞ்சு கெடக்கறதும், வெள்ளைத் துணி போத்தறதும், தீர்த்தம் தெளிச்சு எழுப்பறதும், சின்னதுல இருந்து அவ உங்க தோள் மேல உக்காந்து பாத்தவதானே. அது சாமி காரியம் கண்ணுன்னேன். தெரியுமுங்க மாமான்னா. அப்பறம், அப்படிக் கெடக்கறப்ப உங்களுக்குப் பயமா இருக்குங்களான்னு கேட்டா. இத்தனை வருசத்துல என்ற ஊட்டுக்காரி கூட இதக் கேட்டதில்லீங்க மாப்பிள்ளை. பொய் சொல்ல மனசு வரல. இருக்கும் கண்ணு, கண்ணு தெறக்க முடியாது, பொம்பளைங்க அழுவற சத்தம் மட்டும் கேக்கும், நமக்காகத்தான் அழுவறாங்கன்னு தெரியும், தண்ணி மேல பட்டதும் நம்ம சனம் எங்கன்னுதான் மொதல்ல தேடத் தோணும்னு சொன்னேன். அவ டிவியப் பாத்தா. அங்க ஒருத்தன் விழுந்து கெடக்கறான், அவனைத் தாண்டித் தாண்டி ஓடறாங்க. இவனுக்கு யாரும் அழுவலீங்க மாமான்னா. அந்த மேஜர நான் அப்படியே வெச்சிருக்கேன், ஆனா காரணத்த மாத்தி எழுதிட்டேன்.

இப்படியே வந்து வந்து, கேமுல பெரிய கோட்டை வருதுங்க. எல்லாத்துலயும் பெருசு, அதப் புடிச்சாத்தான் மேல போக முடியும். அந்தக் கோட்டைக்குத் தானியம் மலை அடிவாரத்துல இருக்கற ஒரு சின்ன ஊர்ல இருந்து போகுது. அந்த ஊர்ல ஒன்னும் சண்டைக்காரங்க இல்ல, கெணறும் கோழியும் நாலு கூரை ஊடும், வழில வர்றவனுக்கு ரொட்டி குடுக்கற ஒரு பொம்பளையும். கீர்த்தனா ஆடற பக்கத்துத் தளபதி வந்து, ராத்திரிக்குள்ள ஊர எரிச்சுப்போடு, கோட்டை தானா பட்டினில தெறக்கும்னு சொல்றான். கைல தீப்பந்தத்தக் குடுத்து, எரின்னு ஒரு பொத்தானும் வருது. கீர்த்தனா எரிக்கலீங்க. பள்ளிக்கூடம் உட்டு வருவா, பாலக் குடிப்பா, உக்காந்து அந்தக் கோட்டைக்குள்ள வேற வழில போகப் பாப்பா. ஆத்து வழியா நீந்திப் பாத்தா, அம்பு விட்டுட்டான். செவுத்துல ஏறிப் பாத்தா, கொதிக்கற எண்ணெய ஊத்திட்டான். ராத்திரி வர்றதுக்கு முந்தி ஊர்க்காரங்களப் போயிருங்கன்னு சொல்லப் பாத்தா, அதுக்குப் பொத்தானே இல்ல. செத்துச் செத்து மறுக்கா மறுக்கா அதே எடத்துக்கு வந்து நிக்கறா. நானும் பொறுத்துப் பாத்தேன். கம்பெனில ஷிப்மென்ட் நெருக்கடி, இங்க ரிப்போர்ட் நிக்குது, முனீஸ் கெளம்பற தேதி வந்துருச்சு. எரிச்சுட்டுப் போ கண்ணு, பொம்மைதானேன்னு சொல்லிட்டேனுங்க.

அவ கைப்புடியக் கீழ வெச்சுட்டு என்னத் திரும்பிப் பாத்தா. “மாமா, ரத்தம் வந்தப்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுனீங்க. இதுக்கு ஒட்ட மாட்டீங்களா?”

 டிவில ஒரு சொட்டு ரத்தம் இல்லீங்க மாப்பிள்ளை அப்ப. கோழி மேயுது, அந்தப் பொம்பளை கெணத்துல தண்ணி சேந்தறா. பாத்தா நம்ம பொங்கலூர்த் தோட்டம் மாதிரித்தான் இருக்குது. எத்தனை வருச செக்கிங், குறைய நாந்தான் கண்டுபுடிப்பேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சவன், அதையே செய்யின்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். எந்திரிச்சுப் போய் அந்த எரிங்கற பொத்தான் மேலயே ஒரு அம்புக்குறி ஒட்டுனேன்.  அவ மறுக்கா வந்து என்ற பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கிட்டா. அடுத்த நாளு தனபால்கிட்டப் போயி, ஊர எரிக்காம அந்தக் கோட்டைக்குள்ள போக வழியே இல்லையான்னு கேட்டேன். இல்லீங்ணா, எரிச்சாத்தான் கதை நகரும், இங்க வர்றவங்க எல்லாம் யோசிக்காம எரிச்சுட்டுப் போயிருவாங்கன்னாரு.

ஆகவே மாப்பிள்ளை, ரிப்போர்ட் இதுதான். வெட்டு, குத்து, ரத்தம் எல்லாம் மேஜர். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் ரிஜெக்ட் போட எனக்கு யோக்கியதை இல்லை, கிடா வெட்டுக்குப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துகிற கூட்டம் நாம். ஆனால் பாவம் என்று பிள்ளை மனசுக்குத் தெரிகிற ஒரு காரியத்தை, செய்தால்தான் மேலே போகலாம் என்று சொல்லி அவள் கையாலேயே செய்ய வைக்கிறதே, அது கிரிட்டிக்கல். ஒன்றே போதும். மொத்த லாட்டும் ரிஜெக்ட். பதினெட்டு என்று லேபிள் தைத்தவன் யாரோ, அவனுக்கு என் வணக்கம். கீர்த்தனாவுக்கு இந்த விளையாட்டு இப்போது வேண்டாம், வாங்க வேண்டாம். ஆகாது என்று சொன்னவன் நான்தான், அவள் கோபப்பட்டால் அது என் மேலேயே இருக்கட்டும். வேறு எந்த விளையாட்டு வாங்கினாலும் ஒன்று செய்யவேணும், அவள் ஆடுகிறபோது பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேணும். நீங்கள் இருக்கிற தூரத்துக்கு அது ஆகாது என்று தெரியும். அது வரைக்கும் நான் உட்காருகிறேன், எனக்கும் பழகிவிட்டது.

தங்கச்சி உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். பருப்புப் பொடியை முனீஸோடு பங்கு போடாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். தங்கள் தாயார் ஆசீர்வாதம். கருப்பராயன் துணையிருந்து, உங்களை நல்லபடியாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
தண்டாயுதபாணி.

பின்குறிப்பு: மேலே உள்ளது செல்லாதுங்க மாப்பிள்ளை. கிழிச்சுப் போட்டு வேற எழுத நேரமில்ல, முனீஸ் வாசல்ல நிக்கறான். கவரு ஒட்டறதுக்கு முந்தி முடிவ அவகிட்ட நானே சொல்லிப்போடலாம்னு போனேன். ரிஜெக்ட்டுன்னு சொன்னதுக்கு அவ மொகம் கூடச் சுளிக்கல. சரிங்க மாமான்னா. அப்பறம், நெசமாவே அந்த ஊர எரிக்காம கோட்டைக்குள்ள போக முடியாதுங்களான்னு கேட்டா. முடியாது கண்ணு, தனபால்கிட்டயே கேட்டுட்டேன்னேன். டிஸ்க் கவரக் கைல எடுத்துக்கிட்டா. “அப்பா உள்ள போயிட்டாருங்க மாமா”ன்னா.

நீங்க ஒரு ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல பேசறப்ப உங்க முதுகுக்குப் பின்னால டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சாம். அதுல அந்தக் கோட்டைக்குள்ள இருக்கற மண்டபம் தெரிஞ்சுதாம், பச்சைக் கண்ணாடி ஜன்னலு வெச்சது. கேமு பேரும் மூலைல இருந்துச்சாம். அதே மண்டபத்தத்தான் டிஸ்க் கவருக்குப் பின்னால, பெரிய கோட்டைக்கு உள்பக்கம்னு போட்டிருக்கறான், எடுத்துக் காட்டுனா, நானும் பாத்தேன். டூட்டி முடிஞ்சு தனியா ரூம்ல உக்காந்து அப்பா என்ன ஆடறாருன்னு பாக்கத்தானுங்க அவ அந்தக் கேமக் கேட்டதே. அதை ஆடத் தெரிஞ்சா ஞாயித்துக்கெழம ம்முன்னு சொல்றதுக்கு மேல எதாச்சும் பேசலாம்னு நெனைச்சிருக்கா. அதைப் பத்தி ஒன்னுமே தெரியாதவன் கணக்கா நீங்க என்னைக் கேட்டீங்க, நானும் ஸ்டிக்கர் ரோலத் தூக்கிட்டுப் போனேன்.

உங்களக் குத்தம் சொல்லலீங்க. அந்தத் தனிமைக்கு என்னதான் பண்ணுவீங்க. ஆனா இந்த ஞாயித்துக்கெழம நீங்க கூப்பிட்டா அவ கேக்கப் போறா, நாந்தான் கேளு கண்ணுன்னு சொல்லியிருக்கேன். எரிச்சிருந்தா எரிச்சேன்னு சொல்லுங்க. எரிக்கறப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சுன்னும் சொல்லுங்க. பொம்மைதானேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க, அத நான் சொல்லி ஒருக்கா அவ மொகத்தப் பாத்துட்டேன். பெட்டிய இன்னும் தனபால்கிட்டத் திருப்பிக் குடுக்கல. அவ அந்த ஊரு வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கா, உங்க போன் வர்ற வரைக்கும்.